புதுச்சேரியின் மணல் எங்கே போனது?

நைனார்பாளையத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் சின்னசேலத்தில் ரயிலேறி விருத்தாசலம் வழியாகக் கடலூர் போக வேண்டும். இல்லாவிட்டால் பஸ் மாறி மாறிப் புதுச்சேரி போக வேண்டும். மாசி மகம், ஆடி அமாவாசை, பேரப்பிள்ளைகளின் கோடை விடுமுறை, இவை தவிர நமக்குக் கடலோடு பெரிய வேலை கிடையாது. ஆனாலும் புதுச்சேரிக் கடற்கரைக்கு நேர்ந்த கதை நம் பகுதிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. அதில் நம் பங்கும் இருக்கிறது. அது என்ன பங்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கதையை இரண்டு சொற்களில் இருந்து தொடங்குகிறேன். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கப்பல் வந்து நிற்கும் இடத்துக்கு அந்த மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று 'ராத்'. கரைக்கு வெளியே, திறந்த கடலில் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும் இடம் அது. இன்னொன்று 'போர்'. சுவர் கட்டி, அலையை மறித்து, கப்பலைக் கரையோடு அணைத்துக்கொள்ளும் துறைமுகம் அது. (தமிழில் அந்த ஒலிக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். பிற்பாடு நடந்ததைப் பார்த்தால் தமிழ்ப் பொருளும் பொருந்தத்தான் செய்கிறது.) புதுச்சேரிக்கு ஏறத்தாழ முந்நூறு வருஷம் 'ராத்' மட்டும்தான் இருந்தது. 'போர்' வந்தது 1980களில்தான்.

1674இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியை நிலைநிறுத்திய காலத்திலிருந்து கப்பல்கள் தூரத்திலேயே நின்றன. கரையில் ஆழம் இல்லை, அலையோ ஓயாது. சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டுவந்தவை சலங்குகள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. ஆணி அடித்த படகு அந்த அலையில் விழுந்து எழும்போது உடைந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். 'சலங்கு' என்ற நம் சொல்லையே பிரெஞ்சுக்காரர்களும் 'ஷெலாங்' என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு கப்பல் கண்ணில் பட்டுவிட்டால் ஊர் முழுக்க என்ன பரபரப்பு ஏற்படும் என்று. சரக்கு, கடிதம், சேதி எல்லாமே மணலில்தான் வந்து இறங்கின.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துறைமுகம் என்று தனியாக ஓர் இடம் இல்லாததால் கடற்கரையே துறைமுகமாக இருந்தது. ஆகையால் அது எல்லோருக்கும் பொதுவாகவும் இருந்தது. சலங்குக்காரரும், துணி வியாபாரியும், கரைவலை இழுக்கும் மீனவரும், மாலையில் காற்று வாங்க வரும் துரைமாரும் ஒரே மணலில்தான் நின்றார்கள். ஊர் ஏற்றத்தாழ்வு நிறைந்த ஊர்தான். வெள்ளைக்காரர் தெருக்கள் ஒரு பக்கமும் தமிழர் தெருக்கள் ஒரு பக்கமும், நடுவே வாய்க்காலும் இருந்தன. ஆனால் வேலி போட்டு, சீட்டு கொடுத்து, இங்கே வரலாம் இங்கே வரக்கூடாது என்று கடலைப் பிரிக்கும் பழக்கம் அப்போது வந்திருக்கவில்லை.

பிரெஞ்சுச் சட்டத்திலும் அதற்கு ஓர் அடிப்படை உண்டு. 1681இல், பதினான்காம் லூயி காலத்தில், கொல்பேர் என்ற அமைச்சர் உருவாக்கிய கடல் சட்டம் ஒன்று இருக்கிறது. மார்ச் மாதத்துப் பெரிய அலை எதுவரை ஏறி இறங்குகிறதோ அதுவரையில் கடற்கரை என்று அது வரையறுத்தது. அங்கே யாரும் கட்டடம் கட்டவோ, மறிக்கவோ கூடாது. கடற்கரை பொதுச் சொத்து என்ற எண்ணம் அந்த நாட்டில் அவ்வளவு பழையது.

19ஆம் நூற்றாண்டில் வியாபாரம் மாறியது. நீலத் துணிக்குப் பக்கத்தில் மல்லாட்டையும் வந்து சேர்ந்தது. நம் தென்னாற்காடு மாவட்டத்துச் செம்மண்ணில் விளைந்த மல்லாட்டைதான் புதுச்சேரி வழியாகக் கப்பலேறி மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. அந்தக் காலத்தில் கள்ளக்குறிச்சி தென்னாற்காட்டில் ஒரு தாலுகா. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்ததும் மூட்டைகள் இன்னும் வேகமாகக் கடலுக்குப் போயின. இதே கரையிலிருந்துதான் ரெயூனியோன், குவாதலூப், மர்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். பிரிட்டிஷாருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் 1861இல் இதற்கென்றே உடன்படிக்கை ஏற்பட்டது. கடற்கரையை நினைக்கும்போது அவர்களையும் நினைக்க வேண்டும். அவர்களுக்குப் புதுச்சேரி மணல்தான் கடைசியாக மிதித்த தாய்மண்.

சரக்கு பெருகியதால் 1866இல் கடலுக்குள் இரும்புக் கால்கள் நட்டு ஒரு பாலம் போட்டார்கள். இன்று காந்தி சிலை நிற்கும் இடத்துக்கு எதிரே அது இருந்தது. பாலம் என்றால் சுவர் அல்ல. கால்களுக்கு இடையே தண்ணீரும் மணலும் போகலாம், வரலாம். பாலத்தின் மேலே மூட்டை போகும், அடியில் கட்டுமரம் போகும். கரையோரம் கூர் ஷப்ரோல் என்ற உலாவும் சாலை. அதுதான் இன்றைய கூபேர் அவென்யூ, நாம் சொல்லும் பீச் ரோடு. 1836இலிருந்து கலங்கரை விளக்கமும் அங்கே எரிந்தது. துறைமுக வேலையும் ஊர் மக்களின் உலாவும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று கெடுக்காமல் நடந்தன. இந்தக் காலத்து ஊரமைப்புக்காரர்கள் பெரிய பெரிய அறிக்கை எழுதிக் கேட்பது இதைத்தான்.

1952ஆம் வருஷப் புயல் அந்த இரும்புப் பாலத்தைத் தள்ளிவிட்டது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. அந்த 1962ஐ ஒட்டியே தெற்கே வம்பாகீரப்பாளையம் பக்கம் புதிய கான்கிரீட் பாலம் எழுந்தது. வேலைக்கு ஓரிடம், உலாவுக்கு ஓரிடம் என்று கடற்கரை இரண்டாகப் பிரிந்தது இந்தக் கட்டத்தில்தான். ஆனாலும் மணலுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிய பாலமும் கால்களின் மேல் நின்றதுதானே. 1960களில் பீச் ரோட்டின் கைப்பிடிச் சுவரிலிருந்து இறங்கினால் காலுக்கு மணல் தட்டுப்படும். குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் வலை காயப்போட்டிருப்பார்கள், கட்டுமரங்கள் வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன இயற்கைப் பாடம் வேண்டும். நம் சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் படுத்துக் கிடப்பதில்லை. அது நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை கரையைச் சாய்வாக அடித்து மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளுகிறது. வடக்கே தள்ளும் மாதங்கள் அதிகம். ஆகவே வருஷக் கணக்கை முடித்துப் பார்த்தால் பல லட்சம் கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே போயிருக்கும். கடற்கரை என்பது மணலால் ஆன ஓர் ஆறு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் குறுக்கே அணை கட்டினால் ஒரு பக்கம் நீர் தேங்கும், மறுபக்கம் வறண்டு போகும். இதிலும் அதே கணக்குத்தான்.

1986இல் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுக வேலை தொடங்கி 1989இல் முடிந்தது. முகத்துவாரத்தின் இருபுறமும் கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் இரண்டு அலைதடுப்புச் சுவர்களை நீட்டினார்கள். உள்ளே கப்பல் வரலாம், தேங்காய்த்திட்டில் விசைப்படகுகள் நிற்கலாம், வேலை பெருகும், வருமானம் வரும் என்பது நோக்கம். நோக்கத்தில் தவறு கிடையாது. புயலுக்கு ஒதுங்க இடமில்லாமல் அல்லாடிய விசைப்படகுக்காரருக்கு ஒரு துறை வேண்டித்தான் இருந்தது. ஆனால் இந்த இடம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. மணல் வருவதும் தெற்கிலிருந்து. வாசலிலேயே மறித்தாகிவிட்டது. சுவருக்குத் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே ஊருக்கு எதிரே அலை வழக்கம்போல மணலை எடுத்துக்கொண்டு போனது. ஈடுசெய்ய புது மணல் வரவில்லை.

இதை முன்கூட்டியே யாரும் அறியவில்லை என்று சொல்ல முடியாது. நம் கண்முன்னே சென்னை இருந்தது. 1870களின் நடுவில் அங்கே துறைமுகச் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அவற்றை உடைத்தும், திரும்பக் கட்டினார்கள். துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகலமான கடற்கரை உண்டானது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து 'மெரினா' என்று பெயர் வைத்தார். உலகமே வந்து பார்க்கும் மெரினா, ஒரு துறைமுகம் தெரியாமல் கொடுத்த வெகுமதி. அதே துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் தெருத்தெருவாக விழுங்கியது. சென்னையில் கவர்னரும் கச்சேரிகளும் தெற்கே இருந்தார்கள், உழைப்பாளிகள் வடக்கே இருந்தார்கள். ஆகவே லாபம் மெரினா என்று பெயர் பெற்றது, நஷ்டத்துக்குப் பெயரில்லாமல் போனது. புதுச்சேரியில் ஊரே வடக்கில் இருந்தது. அதனால்தான் நஷ்டம் எல்லோர் கண்ணிலும் பட்டது.

திட்டம் போட்டவர்கள் இதற்கு மருந்தும் எழுதித்தான் வைத்தார்கள். தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியாக எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. இங்கேதான் ஒரு குமாஸ்தாவின் அனுபவம் உதவுகிறது. அரசாங்கக் கணக்கில் செலவு இரண்டு வகை. ஒரு முறை செய்யும் முதலீட்டுச் செலவு ஒன்று. அதற்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. வருஷா வருஷம் செய்ய வேண்டிய தொடர் செலவு இன்னொன்று. அதற்கு ஒன்றும் கிடையாது, பட்ஜெட்டில் ஒரு வரி மட்டும் உண்டு. நிதி நெருக்கடி வந்தால் முதலில் பேனா போடும் இடமும் அந்த வரிதான். சுவர் கட்டுவது முதல் வகை, மணல் அள்ளிக் கொட்டுவது இரண்டாம் வகை. சுவர் நின்றது, மணல் நின்றுபோனது.

அதே 1986இல் உலகத்தின் வேறு இரண்டு மூலைகளில் நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் கோல்டு கோஸ்ட் என்ற ஊரில் நெராங் ஆற்று முகத்துவாரத்தை நம்மைப் போலவே கற்சுவர்களால் கட்டினார்கள். அங்கேயும் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது, அளவும் வருஷத்துக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். ஆனால் அவர்கள் சுவருக்குத் தெற்கே கடலுக்குள் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் போட்டு, அதன் அடியில் பம்புகளை வைத்து, மணலைத் தண்ணீரோடு உறிஞ்சி முகத்துவாரத்துக்கு அடியிலேயே குழாய் வழியாக வடகரைக்கு அனுப்பினார்கள். 1986இல் தொடங்கிய அந்த வேலை பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. பிரான்சிலோ, அதே 1986 ஜனவரியில் கடற்கரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கடற்கரையை மக்கள் சுதந்திரமாகவும் இலவசமாகவும் பயன்படுத்துவதே அதன் முதன்மை நோக்கம் என்று அதில் எழுதினார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1976இல், கரையோரத் தனியார் நிலங்களின் ஓரமாக 3 மீட்டர் அகலத்துக்குப் பாதசாரிகள் நடந்துபோகும் உரிமையையும் சட்டமாக்கியிருந்தார்கள். கொல்பேர் காலத்து எண்ணத்தின் பேரப்பிள்ளைகள் அந்தச் சட்டங்கள். ஒரு நாடு பம்பை வைத்தது, ஒரு நாடு சட்டத்தை வைத்தது. நாம் கல்லை மட்டும் வைத்தோம்.

வெளிநாடு வரை போகவும் வேண்டாம். விசாகப்பட்டினத்துத் துறைமுகம் 1933இல் திறந்தது. தெற்குச் சுவரின் ஓரம் சேரும் மணலைத் தூர்வாரும் கப்பலால் எடுத்து, வடக்கே ஊர்க் கடற்கரைக்கு அனுப்பும் வழக்கம் அங்கே நெடுநாளாக உண்டு. பெரிய துறைமுகமும் ஊர்க்காரர்கள் நடக்கும் கடற்கரையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியும் என்பதற்கு அது நம் நாட்டுச் சாட்சி. கையை எடுத்தால் அங்கேயும் கடல் உள்ளே வரும் என்பது வேறு விஷயம்.

புதுச்சேரியில் மணல் போனதும் கல் வந்தது. பீச் ரோட்டைக் காப்பாற்ற லாரி லாரியாகக் கருங்கல் கொட்டினார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது பழைய மதிலும் இந்தக் கற்களும் நடு ஊரைக் காப்பாற்றின என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. அது நிற்கும் இடத்தைக் காக்கும், அடுத்த இடத்தைக் காட்டிக் கொடுக்கும். ஊருக்கு எதிரே கல் போட்டதும் அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே நகர்ந்தது. அங்கே கல் போட்டதும் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று போனது. கடலுக்கு யூனியன் பிரதேச எல்லையும் தெரியாது, மாநில எல்லையும் தெரியாது. அந்த ஊர் மீனவர்கள் துறைமுகம் வேண்டும் என்று கேட்டதும் கிடையாது, அதனால் ஒரு ரூபாய் லாபம் பார்த்ததும் கிடையாது. வீடு இழந்தவர்கள் மட்டும் அவர்கள். இன்றுவரை தூண்டில் வளைவு கேட்டு மறியல் செய்வதும் அவர்கள்தான்.

கடற்கரையில் உலாவுகிறவர்களுக்கு மணல் போனால் அழகு போயிற்று என்பதோடு சரி. கல்லின் மேல் உட்கார்ந்து கடலை கொறிக்கலாம். மீனவருக்கு அப்படி இல்லை. படகை ஏற்ற மணல் வேண்டும். வலை காய, மீன் உலர்த்த, கரைவலை இழுக்க மணல் வேண்டும். கல் போட்ட கரையில் படகு ஏறாது. கரையைக் காத்தோம் என்று சொல்லிக் கரைக்கு உரியவர்களைக் கரையிலிருந்து விலக்கிவிட்டோம். மாசி மகத்துக்கு மயிலம் முருகன், தீவனூர்ப் பிள்ளையார் என்று எத்தனையோ ஊர்ச் சுவாமிகள் வைத்திக்குப்பத்துக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார்கள். அந்த ஒரு நாளில் லட்சக்கணக்கான சனம். சுவாமிக்கும் கடலில் இறங்க ஒரு மணல் திட்டு வேண்டுமே!

இத்தனை விலை கொடுத்து வாங்கிய துறைமுகமாவது ஓடியதா என்றால், அதுவும் சரியாக இல்லை. சுவரைச் சுற்றி வந்த மணல் முகத்துவாரத்தைத் தூர்த்தது. கப்பல் வர முடியவில்லை. விசைப்படகுகளே தரைதட்டின. மீனவர்கள் முகத்துவாரத்தைத் தூர்வாரக் கோரிப் பலமுறை போராடினார்கள். யோசித்துப் பாருங்கள்: துறைமுகத்துக்கு வேண்டாத மணல், ஊருக்கு வேண்டிய மணல், இரண்டும் ஒரே மணல். ஒரு வேலையைச் செய்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள். துறைமுகமா கடற்கரையா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

2006இல் அடுத்த கட்டம் வந்தது. தனியார் மூலம் ஆழ்கடல் துறைமுகம் கட்ட ஒப்பந்தம் போடப்பட்டது. துறைமுகத்தோடு வணிகக் கட்டடங்களுக்கான நிலமும் அதில் சேர்ந்திருந்தது. சின்ன சுவருக்கே இத்தனை என்றால் பெரிய சுவருக்கு எத்தனை என்ற கேள்வி எழுந்தது. மீனவ கிராமங்களும், ஊர்ப் பொதுமக்களும், 2007இல் உருவான பாண்டிகேன் என்ற குடிமக்கள் அமைப்பும் எதிர்த்தார்கள். ஊர்வலம், வழக்கு, மனு என்று நடந்து, அந்தத் திட்டம் எழாமலே போயிற்று. அந்தப் போராட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், வழக்கமாக ஒன்றாக உட்காராதவர்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பீச் ரோட்டில் நடை பழகுகிறவரும் குப்பத்தில் வலை பின்னுகிறவரும் ஒரே மணலைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று உணர்ந்தார்கள்.

காரைக்காலில் கதை வேறு மாதிரி. அங்கே வாஞ்சூரில் 2009இல் தனியார் துறைமுகம் வந்தது. நிலக்கரி பெருவாரியாக இறங்குகிறது. வருமானமும் வேலையும் வந்தன. பக்கத்து நாகூர்க்காரர்கள் நிலக்கரித் தூசி பற்றிக் குரல் எழுப்பினார்கள். ஊர் கடற்கரை அரசலாற்று முகத்துவாரத்தில் தனியாக இருப்பதால் அங்கே காரைக்கால் மக்கள் இன்றும் மாலையில் போய் உட்கார முடிகிறது. தொழில் துறைமுகத்தை ஊரை விட்டு ஒதுக்கி வைத்தால் உலாவும் இடம் தப்பிக்கும். ஆனால் ஒதுக்கி வைத்த இடத்திலும் ஒரு ஊர் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

புதுச்சேரிக்குக் கொஞ்சம் நல்ல காலம் 2018இல் பிறந்தது. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் ஓர் எஃகுத் திட்டை இறக்கினார்கள். அலையின் வேகத்தை அது உடைக்கும், மணல் தங்கும். கூடவே முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து போட்டார்கள். கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து ஊர்க்கடற்கரையில் குழந்தைகள் மணல்வீடு கட்டினார்கள். அலைக்குத் தக்கபடி அந்த மணல் கூடியும் குறைந்தும் வருகிறது. முகத்துவாரத்தின் மணலை ஊருக்குக் கொண்டுவந்தால் மணல் தங்கும் என்பதை நேரில் காட்டிவிட்டார்கள். 1986 திட்டத்தில் எழுதியிருந்த மருந்தும் அதுதான்.

இன்னொரு பக்கம், 2017இல் சென்னைத் துறைமுகத்தோடு உடன்பாடு செய்து, 2023 பிப்ரவரியில் சென்னையிலிருந்து ஒரு சிறிய சரக்குக் கப்பல் பெட்டகங்களோடு புதுச்சேரிக்கு வந்தது. பெரிய ஆழம் தோண்டாமல், சின்னக் கப்பலால் நடக்கும் வியாபாரம். இது நீடித்தால் நல்லதுதான். 1962 காலத்துப் பாலமோ 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது. அதைப் பார்க்க ஊரே திரண்டது. வேலை செய்யாமல் போன பாலத்துக்கும் ஜனங்கள் மனதில் ஓர் இடம் இருந்தது என்று அன்று தெரிந்தது.

இனி நம் பங்குக்கு வருகிறேன். கரையில் நடக்கும் மணல் கடலிலேயே பிறப்பதில்லை. மலையில் பாறையாக இருந்து, மழையில் கரைந்து, ஆற்றில் உருண்டு கடலுக்குப் போகிறது. நம் கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுத்தாறு இரண்டும் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கின்றன. தென்பெண்ணை கடலூர் பக்கம் கலக்கிறது. இரண்டும் புதுச்சேரிக்குத் தெற்கே. வடக்கு நோக்கிப் போகும் மணல் ஊர்வலத்தில் அந்த ஆறுகள் கொடுத்த மணலும் உண்டு. எந்த மணல் எந்த மலையுடையது என்று அதன்மேல் பெயர் எழுதியிருக்காது. ஆனால் கல்வராயன் மலைக்கும் புதுச்சேரிக் கடற்கரைக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

அந்த ஆறுகளுக்கு நாம் என்ன செய்தோம்? 1958இல் சாத்தனூர் அணை, 1960களில் கோமுகி அணை, பிறகு மணிமுத்தாறு அணை. பாசனத்துக்கு அவை தேவை. அவற்றால்தான் நம் பகுதியில் நெல்லும் கரும்பும் விளைந்தன. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால் அணை நீரைத் தேக்கும்போது மணலையும் தேக்குகிறது. அணைக்குக் கீழே மிச்சம் இருந்த மணலை லாரி வைத்து அள்ளினோம். விருத்தாசலத்தில் மணிமுத்தாற்று மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்ட பெரியவர்கள் இப்போது அந்த ஆற்றைப் பார்த்தால் அடையாளம் தெரியாது என்கிறார்கள். நம் வீட்டுத் தளத்தில் கிடப்பது ஒரு நாள் கடற்கரைக்குப் போயிருக்க வேண்டிய மணல். ஆக, புதுச்சேரியின் மணலைத் துறைமுகச் சுவர் மட்டும் தடுக்கவில்லை. மேலே வரத்தையே நாம் குறைத்துவிட்டோம். வரும் மணல் குறைவு என்றால், குறுக்கே சுவர் எழுப்புகிறவரின் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

இந்த முந்நூறு வருஷக் கதையிலிருந்து எனக்குத் தோன்றுவது மூன்று. முதலாவது, துறைமுகம் கட்டும்போது மணலை மறுபக்கம் அனுப்பும் செலவையும் துறைமுகத்தின் செலவாகவே வைக்க வேண்டும். கப்பலிடம் வாங்கும் கட்டணத்திலிருந்தே அதற்கென்று தனியாக ஒதுக்கி, வேறு எதற்கும் தொடக்கூடாது என்று எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பேனா அந்த வரியின் மேல்தான் விழும். இரண்டாவது, 1991இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வைத்தது. அதோடு, கரைக்குப் போகும் வழியையும், கரையோரம் நடக்கும் வழியையும் ஊர் வரைபடத்திலேயே பொது வழியாகக் குறித்துவிட வேண்டும். பீச் ரோட்டில் மாலையில் வண்டிகளை நிறுத்தி மனிதர்களை நடக்க விடுகிறார்கள். அந்த மரியாதை குப்பத்து வழிகளுக்கும் வேண்டும். மூன்றாவது, துறைமுகத்தால் யாருக்கு நஷ்டம் என்று பார்க்கும்போது எல்லையோடு நிற்கக் கூடாது. புதுச்சேரியில் ஒரு கல் வைத்தால் பொம்மையார்பாளையத்துக்காரரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

'ராத்' காலத்துக்குத் திரும்பிப் போக முடியாது. சலங்கு கட்டத் தெரிந்தவர்களும் இன்று இல்லை. துறைமுகம் இருக்கட்டும், விசைப்படகுக்கு நிழல் கிடைக்கட்டும், சின்னக் கப்பலும் வரட்டும். அது மறிக்கிற மணலை மட்டும் வடக்கே கொடுத்துவிடட்டும். அடுத்த மாசி மகத்துக்குக் கடலுக்குப் போகிறவர்கள் காலடியில் மணல் இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். மணல் இருந்தால், அதில் நம் மலையும் கொஞ்சம் இருக்கிறது.